பிரிபுனலைத் தொடாமல் ஓர் அமைடு: தொடர்பாய்வில் சுத்திகரிப்பைக் கோத்த பதிவு

ஒரு வழியாக என் தொடர்பாய்வு வரிசை முழுக்கத் தானாக ஓடுகிறது: வினைப்பொருள்கள் குடுவையில் அல்ல, குழாய்க்குள் ஓடிக்கொண்டே வினைபுரிந்து, அங்கேயே கழுவப்பட்டு வெளியே வரும் ஏற்பாடு இது. ஒரு முனையில் பென்சாயில் குளோரைடும் பென்சைல் அமீனும் உள்ளே போகின்றன. மறுமுனையில் கிடைக்கும் கரைசலை ஆவியாக்கினால் போதும், என்-பென்சைல் பென்சமைடு என்ற அமைடு வெள்ளைப் படிகமாக வந்து நிற்கிறது. நீரையும் கரைப்பானையும் பிரிக்கும் பிரிபுனலை நடுவில் யாரும் குலுக்கவில்லை, உலர்த்தும் உப்பைப் போட்டு வடிகட்டவில்லை. இந்த வரிசையில் வினை நடக்கும் பகுதியை அமைப்பது சுலபம். சுத்திகரிப்புப் பகுதிதான் பாடாய்ப் படுத்தியது. என்ன செய்தேன், எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை வரிசைப்படி எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவருக்கு வேதியியலைவிடக் குழாய் வேலைதான் அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

இந்த வினையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வினை நொடிகளில் முடிகிறது, விளைபொருள் நிலையானது, உருகுநிலை 104-106 டிகிரி செல்சியஸ் என்று நன்றாகத் தெரிந்தது. கூட வரும் அழுக்குகள் எவை என்பதும் தெரியும்: மிஞ்சிய அமீன், ஹைட்ரோகுளோரிக் அமிலம், பென்சாயில் குளோரைடு நீரில் சிதைந்து உண்டாகும் பென்சாயிக் அமிலம். ஒன்று காரம், மற்றவை அமிலம். ஆக, சுத்திகரிப்பு வரிசையைச் சோதிக்க நல்ல பாடம். பென்சாயில் குளோரைடு கண்ணையும் தொண்டையையும் கடுமையாக எரிக்கும், கரைப்பானான எத்தில் அசிட்டேட் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் எல்லாமே புகைக்கூண்டுக்குள், கையுறையோடும் கண்ணாடியோடும்தான்.

முதல் அடைப்பு

எத்தில் அசிட்டேட்டில் இரண்டு கரைசல்கள். ஒன்று 0.4 மோலார் பென்சாயில் குளோரைடு, மற்றொன்று 0.42 மோலார் பென்சைல் அமீன். இரண்டும் நிமிடத்துக்கு 0.5 மி.லி. வேகத்தில் ஒரு டீ இணைப்பில் (மூன்று வாய் கொண்ட T வடிவக் குழாய் மூட்டு) சந்திக்க வேண்டும் என்பது திட்டம். சந்தித்த மாத்திரத்தில் டீயின் வாயிலேயே வெள்ளைப் பொடி கட்டிக்கொண்டது. வெளியேறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மீதி அமீனோடு சேர்ந்து உப்பாகிறது. அந்த உப்பு எத்தில் அசிட்டேட்டில் கரையாது. பம்பின் அழுத்தம் ஏறி, ஃபிட்டிங்கில் கசிவு தொடங்கியது.

தீர்வு பழைய ஷாட்டன்-பாவ்மன் முறையேதான்: நீர்க் காரத்தையும் கூடவே ஓட்டுவது. அமீன் ஓடை முதலில் 1 மோலார் பொட்டாசியம் கார்பனேட் கரைசலோடு ஒரு டீயில் சேர்கிறது. சற்றுத் தள்ளி இரண்டாவது டீயில் பென்சாயில் குளோரைடு நுழைகிறது. கார்பனேட் ஓடையும் நிமிடத்துக்கு 0.5 மி.லி. உண்டாகும் அமிலத்தைவிடக் கார்பனேட் இரண்டரை மடங்கு இருப்பதால் பைகார்பனேட்டோடு நின்றுவிடுகிறது, வாயு கிளம்பவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடை வேண்டுமென்றே தவிர்த்தேன். அது எத்தில் அசிட்டேட்டையே சிதைக்கத் தொடங்கிவிடும். தொலுயீன் என்ற வேறொரு கரைப்பானுக்கு மாறினால் அந்தக் கவலை இல்லை, ஆனால் இந்தச் செறிவில் அமைடு குழாய்க்குள்ளேயே படிகமாகத் தொடங்கியது. அதனால் எத்தில் அசிட்டேட்டிலேயே நின்றேன். இந்த முடிவுக்குப் பிறகு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அது கீழே வருகிறது.

வினைச் சுருள் 1 மி.மீ. உள்விட்டமுள்ள பி.எஃப்.ஏ. பிளாஸ்டிக் குழாய். மீட்டருக்கு 0.785 மி.லி. கொள்ளும். 5 மி.லி.க்கு 6.4 மீட்டர் சுற்றினேன். மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 மி.லி. என்பதால் தங்கும் நேரம் மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். குழாய்க்குள் நீரும் கரைப்பானும் மாறி மாறிச் சிறு துண்டுகளாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் திரவம் தானாகச் சுழல்வதால் கலவை நன்றாகவே நடக்கிறது.

அமீன் கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சைல் அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெள்ளைப் பொருளாகும். பாட்டிலைத் திறந்து வைத்தால் கழுத்தில் வெள்ளை வளையம் படியும். அது உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் போய் உட்கார்ந்தால் பம்ப் சொன்ன அளவைக் கொடுக்காது, அமீன் குறைந்து பென்சாயிக் அமிலம் கூடும். நைட்ரஜன் பலூன் ஒன்றை மாட்டி, கரைசலை அன்றன்றைக்கு மட்டும் கலக்கிறேன்.

ஈர்ப்புப் பிரிப்பான் ஏன் போதவில்லை

சுருளிலிருந்து வரும் இரட்டைக் கட்டத்தை, அதாவது நீரும் கரைப்பானும் சேர்ந்த ஓட்டத்தை, முதலில் ஒரு 30 மி.லி. குப்பியில் விட்டேன். மேலே மிதக்கும் கரிமக் கட்டத்தை (கரைப்பானை) ஒரு குழாயும் அடியில் நிற்கும் நீரை இன்னொரு குழாயும் எடுக்கும். எளிமையான ஏற்பாடு, பிரியவும் பிரிந்தது. ஆனால் எல்லைக்கோடு மெல்ல ஏறியோ இறங்கியோ கொண்டே இருந்தது. எத்தில் அசிட்டேட் நீரில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 8 கிராம் கரையும். உள்ளே போன அளவும் வெளியே வரும் அளவும் ஒருபோதும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். இரண்டு பம்புகளையும் சமமாக வைத்தால்கூட ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு குழாய் தப்பான கட்டத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவினர் 2012-ல் இதற்கு அழகான வழி ஒன்றை வெளியிட்டார்கள். இரு கட்டங்களுக்கும் நடுவில் நிற்கும் அடர்த்தியுள்ள ஒரு வண்ண மிதவை, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வெப்கேம், மிதவையின் உயரத்தை வைத்துப் பம்பின் வேகத்தைத் திருத்தும் நிரல். அது வேலை செய்யும், எனக்குப் பிடித்த யோசனையும்கூட. ஆனால் குப்பியில் எப்போதும் 15, 20 மி.லி. தேங்கி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுருளில் மூன்று நிமிடத்தில் முடியும் வினையின் விளைவு குப்பியைத் தாண்ட அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகிறது. பழைய சரக்கும் புதிய சரக்கும் குப்பிக்குள் கலந்துவிடுவதால், முன்னால் ஒரு மாற்றம் செய்தால் பின்னால் எப்போது தெரியும் என்றே சொல்ல முடியாது. அதனால் சவ்வுப் பிரிப்பானுக்குப் போனேன்.

சவ்வுப் பிரிப்பான் கட்டியது

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாவ்ஸ் ஜென்சனின் குழு வளர்த்தெடுத்த வழி இது. நுண்துளைகள் கொண்ட பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) சவ்வை நீர் நனைக்காது, கரிமக் கரைப்பான் நனைக்கும். இரட்டைக் கட்டத்தைச் சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டால் கரைப்பான் துளைகள் வழியே மறுபக்கம் போய்விடும், நீர் இந்தப் பக்கமே தங்கி வெளியேறும். உள்ளே தேங்குவது ஒரு மி.லி.கூட இல்லை. அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மெல்லிய உதரவிதானம் வைத்த பிரிப்பான்கள் விற்பனைக்கே கிடைக்கின்றன. பணம் இருந்தால் அதை வாங்குவதே நல்லது. நான் கட்டியது அதைவிட எளிய வடிவம்.

தேவைப்பட்டவை: 10 மி.மீ. தடிமனில் இரண்டு பி.டி.எஃப்.இ. தகடுகள், வெளியே தாங்கிப் பிடிக்க இரண்டு அலுமினியத் தகடுகள், ஆறு திருகாணிகள், வடிகட்டுவதற்கென்று விற்கும் 47 மி.மீ. வட்டச் சவ்வு. ஒவ்வொரு பி.டி.எஃப்.இ. தகட்டிலும் 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் வளைந்து வளைந்து செல்லும் ஒரே வாய்க்கால். இரண்டு வாய்க்கால்களும் சவ்வின் இருபுறமும் நேருக்கு நேர் வர வேண்டும். குழாய் நுழையும் துளைகளுக்கு மரை வெட்டுவதுதான் கை நடுங்கும் வேலை. பி.டி.எஃப்.இ. மென்மையானது, மரை சட்டென்று தேய்ந்துவிடும். குழாயைப் பிடித்துக்கொள்ளும் ஃபெரூல் வளையத்தை விரலால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும்.

சவ்வு வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் முதுகு. வெறும் பி.டி.எஃப்.இ. சவ்வு இறுக்கும்போது சுருங்கி மடிகிறது, மடிப்பு வழியே நீர் பக்கவாட்டில் கசிந்துவிடும். பாலிபுரோப்பிலீன் வலை ஒட்டிய சவ்வு தட்டையாக நிற்கிறது. அதிலும் பி.டி.எஃப்.இ. முகம் கலவை வரும் பக்கம், வலை முகம் கரைப்பான் வெளியேறும் பக்கம். திருப்பிப் போட்டாலும் ஓடும், ஆனால் அழுத்தத்தில் சவ்வு வலையைவிட்டு உரிந்து எழுகிறது. திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் ஒரே அளவுக்கு இறுக்கினேன். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் பி.டி.எஃப்.இ. அந்தத் தளர்ந்த பக்கமே வழிந்துவிடும். மறுநாள் ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும், ஏனென்றால் சுமையில் அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே இருக்கும்.

வினைப்பொருள்களைத் தொடுவதற்கு முன் வெறும் எத்தில் அசிட்டேட்டையும் காப்பர் சல்பேட் கலந்த நீரையும் ஓட்டிப் பார்த்தேன். நீலம் கரைப்பானில் கரையாது. கரைப்பான் வரும் குழாயில் ஒரு நீலச் சொட்டு தெரிந்தாலும் சவ்வு நீரைக் கடத்திவிட்டது என்று அர்த்தம். நீர் வரும் குழாயில் நிறமற்ற துண்டுகள் தெரிந்தால் கரைப்பான் முழுசாகச் சவ்வைத் தாண்டவில்லை என்று அர்த்தம். இதைவிட மலிவான, நேர்மையான சோதனை வேறு கிடையாது. கார்பனேட்டோடு மட்டும் கலந்துவிடக் கூடாது, வீழ்படிவு வந்து சவ்வையே அடைத்துவிடும்.

அழுத்தக் கணக்கு

இந்தப் பிரிப்பான் முழுக்கச் சவ்வின் இருபக்க அழுத்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. வேறுபாடு மிகக் குறைந்தால் கரைப்பான் தாண்டாமல் நீரோடு போய்விடும். மிகக் கூடினால் நீரே துளைக்குள் புகுந்துவிடும். நீர் புகும் அழுத்தத்தைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வரி போதும்: நான்கு மடங்கு இடைமுக இழுவிசையை (இரு திரவங்களும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை) துளை விட்டத்தால் வகுக்க வேண்டும். தொலுயீனுக்கும் நீருக்கும் இடையே இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 36 மில்லிநியூட்டன். 1 மைக்ரான் துளையில் 144 கிலோபாஸ்கல் வரை தாங்கும். எத்தில் அசிட்டேட்டுக்கு அது 6.8 மட்டும், அதே துளையில் 27 கிலோபாஸ்கல். தொலுயீனை விட்டதற்குக் கொடுத்த விலை என்று மேலே சொன்னது இதைத்தான். நீரும் கரைப்பானும் ஓரளவு கலந்து பழகும் இணைகளில் சவ்வு வைத்துக்கொள்ளும் இடம் மிகக் குறுகியது.

அந்த 27-ம் நல்ல நாளில் கிடைக்கும் எண்தான். சவ்வின் எல்லாத் துளையும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரிய துளைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அமீனும் பென்சாயிக் அமிலத்தின் உப்பான பென்சோயேட்டும் இடைமுகத்தில் போய் உட்கார்ந்து இழுவிசையை இன்னும் குறைக்கும். 1 மைக்ரான் சவ்வில் கணக்குச் சொன்னதற்கு வெகு முன்னாலேயே நீர்ச் சொட்டு வந்தது. 0.45 மைக்ரானுக்கு மாறினேன். கணக்கில் 60 கிலோபாஸ்கல், நடைமுறையில் அதற்குக் கீழே என்றாலும் கை வைக்க இடம் கிடைத்தது.

அடுத்து, நீர்ப் பக்கத்தில் சிறிதளவு எதிரழுத்தத்தை எப்படிக் கொடுப்பது? முதலில் சுருளுக்குப் பின்னால், பிரிப்பானுக்கு முன்னால் ஸ்பிரிங் வைத்த எதிரழுத்த வால்வு ஒன்று இருந்தது, வரிசையில் அது இருக்க வேண்டும் என்ற பழக்கத்தால். அதைத் தாண்டி வந்த ஓட்டத்தில் துண்டுகளே இல்லை, பால்போல் வெளுத்த குழம்பு மட்டும். வால்வின் இடுக்கில் இரு கட்டங்களும் அரைபட்டுப் பொடிச் சொட்டுகளாகிவிடுகின்றன, சவ்வு அதைப் பிரிக்கத் திணறுகிறது. இந்த வினை அறை வெப்பநிலையிலேயே நடக்கிறது, அழுத்தமே தேவையில்லை. வால்வைக் கழற்றியதும் தெளிந்த துண்டுகள் திரும்பின.

பிறகு நீர் வெளியேறும் குழாயை மெல்லியதாக்கினேன். 0.5 மி.மீ. உள்விட்டத்தில் 1 மீட்டர் நீளம், நிமிடத்துக்கு 0.5 மி.லி. ஓட்டத்தில் 5 கிலோபாஸ்கல் சொச்சம் கொடுக்கும். அளவு சரிதான். ஆனால் அந்த அழுத்தம் ஓட்டத்தை நம்பியிருக்கிறது. நீரை ஓட்டிய, குழாயை உருளைகளால் அழுத்தித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பின் ஒவ்வோர் உருளைத் துடிப்பிலும் அழுத்தம் எகிறி விழுந்தது. எகிறும்போது சவ்வின் மறுபக்கம் ஒரு சொட்டு நீர், விழும்போது நீர்க்குழாயில் ஒரு துண்டு கரைப்பான். நீலச் சோதனையில் இது கடிகாரம்போல் சீராகத் தெரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது உயரம். நீர்க்குழாயை 1 மி.மீ. அகலத்துக்கு மாற்றி, பிரிப்பானிலிருந்து 60 செ.மீ. மேலே ஏற்றித் தொங்கவிட்டேன். ஒரு மீட்டர் நீர்ப்பத்தி 9.8 கிலோபாஸ்கல் என்பதால் 60 செ.மீ.க்கு ஏறக்குறைய 6. ஓட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நின்றே போனாலும் அந்த 6 அப்படியே இருக்கும். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் ஸ்டாண்டில் கிளாம்ப்பை நகர்த்தினால் போதும். பெரிஸ்டால்டிக் பம்புக்குப் பின்னால் மேல்பாதியில் காற்று நிற்கும் சிறு குப்பி ஒன்றையும் வைத்தேன், துடிப்பின் பெரும்பகுதியை அந்தக் காற்றே விழுங்கிவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மேலே ஏறிய குழாய் வளைந்து கீழே கழிவுப் பாட்டிலுக்கு இறங்குகிறது. இறங்கும் பகுதி நீரால் நிரம்பியதும் அது சைஃபனாகிவிடும். ஏறும் பத்தி கொடுத்த அழுத்தத்தை இறங்கும் பத்தி இழுத்துக் கழித்துவிடும். கழிவுப் பாட்டில் பிரிப்பானைவிடத் தாழ்ந்த இடத்தில் இருந்தால் அழுத்தம் எதிர்ப்பக்கமே சாயும். அறிகுறி என்னவென்றால், முதல் சில நிமிடங்கள் அருமையாகப் பிரியும், பிறகு திடீரென்று கரைப்பான் மொத்தமும் நீர்க்குழாயில் ஓடும். உச்சியில் ஒரு டீ வைத்து அதன் மூன்றாவது வாயைக் காற்றுக்குத் திறந்துவிட்டேன், சைஃபன் அறுந்தது. இன்னொன்று: தொடங்கும்போது அந்தக் குழாய் காலியாக இருந்தால் எதிரழுத்தமே இருக்காது. ஓட்டுவதற்கு முன் ஒரு சிரிஞ்சால் உச்சிவரை நீர் நிரப்பிவிட வேண்டும்.

கரைப்பான் பக்கக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். என்னுடையது 1 மி.மீ. அகலம், 20 செ.மீ. நீளம்.

அமிலக் கழுவலும் குமிழிகளும்

முதல் பிரிப்பானில் நீரோடு பென்சோயேட்டும் உப்புகளும் போய்விடுகின்றன. கரைப்பானில் மிஞ்சுவது அமைடும் 5% கூடுதல் அமீனும். இங்கே 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிமிடத்துக்கு 0.5 மி.லி. சேர்த்து, 2 மி.லி. சுருளில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடவிட்டு, அதே மாதிரியான இரண்டாவது பிரிப்பானுக்குள் அனுப்பினேன். அமிலத்தில் 10% சோடியம் குளோரைடும் கரைத்திருந்தேன். உப்பு இருந்தால் எத்தில் அசிட்டேட் நீரில் குறைவாகக் கரையும், இடைமுக இழுவிசையும் கொஞ்சம் கூடும். இரண்டு நன்மையும் தேவைப்பட்டன.

அமிலம் சேரும் டீயை நெருங்கிப் பார்த்தால் முதல் பிரிப்பானின் யோக்கியதை தெரிந்துவிடும். முதல் பிரிப்பான் சரியாக நடந்தால் அந்த டீயில் இரண்டு தெளிந்த திரவங்கள் சந்தித்துத் துண்டுகளாகப் பிரியும், அவ்வளவுதான். கார்பனேட் நீர் ஒரு சொட்டு தப்பி வந்தாலும் அந்த இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பும். கரியமில வாயு. குமிழிகள் சுருளில் ஒன்றுசேர்ந்து நீண்டு, இரண்டாவது பிரிப்பானின் நீர்க்குழாயில் ஏறி, பத்தியின் எடையைக் குறைத்துவிடும். எடை குறைந்தால் எதிரழுத்தம் குறையும், கரைப்பான் நீரோடு போய்விடும். முதல் பிரிப்பானில் ஒரு சொட்டுத் தவறினால் இரண்டாவதில் விளைச்சலே குறைகிறது. தவறி வந்த பென்சோயேட் அமிலத்தில் மீண்டும் பென்சாயிக் அமிலமாகிக் கரைப்பானுக்கே திரும்பிவிடும் என்பது அதற்கு மேல் ஒரு கேடு. எனவே ஓட்டத்தின்போது நான் அடிக்கடி பார்ப்பது அழுத்தமானியை அல்ல, அந்த டீயைத்தான். பின்னால் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டி, பக்கத்தில் சிறு விளக்கு வைத்திருக்கிறேன். குமிழி தெரிந்தால் முதல் பிரிப்பானின் நீர்க்குழாயை 5 செ.மீ. இறக்குவேன், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் சவ்வை மாற்றும் நேரம்.

ரெசின்

அமிலக் கழுவலுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு வழியை நீண்ட நேரம் முயன்றேன்: முதல் பிரிப்பானுக்குப் பின் நேரே ஆம்பர்லிஸ்ட் 15 நிரப்பிய பத்தி. அது சல்ஃபானிக் அமிலம் பதித்த ரெசின் (சிறு பாலிமர் மணிகள்), அமீனைப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த ரெசினில் கிராமுக்கு 4.7 மில்லிசமானம் (இங்கே 4.7 மில்லிமோல் அமீன்) கொள்ளளவு. நிமிடத்துக்கு 0.01 மில்லிமோல் அமீன்தான் மிச்சம் என்பதால் 2 கிராம் ரெசினே காகிதக் கணக்கில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அமீனைப் பிடிக்கவும் செய்தது. ஆனால் புது ரெசினிலிருந்து பழுப்புச் சாறு இறங்கிக்கொண்டே இருந்தது. மெத்தனாலில் நிறம் போகும்வரை கழுவிய பிறகுதான் நின்றது. உலர்ந்த நிலையில் இறுக்கி நிரப்பிய ரெசின், ஈரமான எத்தில் அசிட்டேட் பட்டதும் உப்பியது. உப்பியதால் பத்தியின் எதிர்ப்பு ஏறி, அந்த எதிர்ப்பு பின்னோக்கிச் சவ்வுக்குப் போய், 6 கிலோபாஸ்கலில் நிறுத்தியிருந்த சமநிலையைக் கவிழ்த்துவிட்டது. பம்ப் ஓட்டத்தில் சிறு பிசகு வந்து அமீன் கூடினால் கொள்ளளவுக் கணக்கும் தவிடுபொடி.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இது: பெருமளவு அழுக்கைத் திரவக் கழுவலுக்கு விட்டுவிட வேண்டும், கடைசித் துளியை மட்டும் ரெசினுக்குத் தர வேண்டும். கூடவே, ரெசினின் அழுத்தத்தைச் சவ்வு ஒருபோதும் உணரக் கூடாது.

அமிலக் கழுவலுக்குப் பிறகு மிஞ்சுவது கரைப்பானின் ஈரத்தோடு ஒட்டி வரும் கொஞ்சம் அமிலமும், தப்பி வந்த பென்சாயிக் அமிலமும்தான். அதற்கு வீரியம் குறைந்த கார ரெசினான ஆம்பர்லிஸ்ட் ஏ21 போதும். மெத்தனாலிலும் பிறகு எத்தில் அசிட்டேட்டிலும் ஊறவைத்து, முழுக்க உப்பிய பின்னரே 8 மி.லி. அளவுக்குக் கண்ணாடிப் பத்தியில் கூழாக ஊற்றினேன். பத்தியின் மேல்வாய் திறந்தது, தூசிக்கும் ஆவிக்கும் ஒரு தளர்ந்த மூடி மட்டும். இரண்டாவது பிரிப்பானிலிருந்து கரைப்பான் அதற்குள் சொட்டுகிறது, ஈர்ப்பிலேயே இறங்குகிறது. அடியிலிருந்து கிளம்பும் குழாயை மேலே வளைத்து, ரெசின் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே கொண்டுபோய், அங்கேயும் ஒரு காற்று டீ வைத்துக் கீழே இறக்கினேன். ரெசின் எப்போதும் மூழ்கியே இருக்கும், காற்று புகாது. ரெசின் இறுகினால் மேலே திரவ மட்டம் நாலைந்து செ.மீ. ஏறும், அதோடு சரி. சவ்வுக்குத் தெரிவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. இடையில் ஒரு தேக்கக் குப்பியும் பம்பும் வைத்தும் பார்த்தேன். கரைப்பானில் ஒரு பகுதி நீரில் கரைந்து போவதால் குப்பி மெல்ல வற்றி, பம்ப் காற்றை உறிஞ்சியது. பம்பே இல்லாத ஏற்பாடுதான் நிலைத்தது.

இதற்காகப் புகைக்கூண்டுக்குள் அடுக்கு மாறியது. பிரிப்பான்கள் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், நீர்க்குழாய்களின் உச்சி 105-ல், ரெசின் பத்தி பிரிப்பான்களுக்குக் கீழே.

உலர்த்த வேண்டாம்

ரெசினுக்குப் பின் சோடியம் சல்ஃபேட் பத்தி ஒன்று வைத்திருந்தேன். ஈரத்தை உறிஞ்சி அது கட்டியாகி அடைத்தது. எடுத்துவிட்டேன், நஷ்டம் ஒன்றும் இல்லை. நீர் நிறைந்த எத்தில் அசிட்டேட்டில் 3% அளவே நீர் இருக்கும். ஆவியாக்கும்போது எத்தில் அசிட்டேட் தன்னோடு எடையில் 8% வரை நீரைச் சேர்த்துக்கொண்டு கொதிநிலை மாறாக் கலவையாகவே போய்விடும். சுழல் ஆவியாக்கியே உலர்த்தியும்கூட.

ஓட்டமும் அளவும்

தொடங்கியதும் முதலில் வருவதைத் தனிக் குடுவையில் பிடிக்கிறேன். சுருள்கள், பிரிப்பான்கள், ரெசின் இடைவெளி எல்லாம் சேர்ந்த கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தாண்டினால்தான் செறிவு நிலைக்கு வரும். ரெசின் பத்திதான் இதில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு மணிக்கு இரண்டரை கிராம் அமைடு என்பது கோட்பாட்டு உச்சம். ஒரு மணி நேரச் சேகரிப்பில் 2.3 கிராம் வெள்ளைத் திடம், உருகுநிலை 104-105. டி.எல்.சி. (மென்படல நிறப்பகுப்பு) தட்டில் புற ஊதா ஒளியில் ஒரே புள்ளி. அமீனை நிறத்தால் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் அமீன் இடத்தில் நிறம் இல்லை. ரெசினைத் தாண்டிய கரைசலை நீரோடு குலுக்கி பி.எச். தாள் வைத்தால் நடுநிலை. இதே வினையைக் குடுவையில் செய்து பிரிபுனலில் கழுவியபோது கிடைத்த சரக்குக்கு இது எந்த வகையிலும் குறைவில்லை. குழம்பு தெளியக் காத்திருந்த நேரம் மட்டும் மிச்சம்.

செலவில் பெரும்பகுதி பம்புகள்தான். கரிமக் கரைசல்களுக்கு சிரிஞ்ச் பம்ப், நீர்க் கரைசல்களுக்கு பெரிஸ்டால்டிக். பிஸ்டன் பம்பில் பென்சாயில் குளோரைடை விடுவதை நான் தவிர்க்கிறேன், ஈரம் பட்டால் வால்வில் பென்சாயிக் அமிலம் படியும். பிரிப்பானுக்குத் தகடு வெட்டும் வேலை ஒருமுறைச் செலவு. சவ்வு வட்டம் மலிவு, ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கும் புதிது போடத் தயங்க வேண்டியதில்லை. ஏ21-ஐ மெத்தனாலில் கலந்த டிரைஎத்தில் அமீனால் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். மறைந்து நிற்கும் செலவு கரைப்பான்தான்: தொடக்கத்தில் ஒதுக்குவதும் நீரில் கரைந்து போவதும். குறுகிய ஓட்டத்துக்கு இந்த வரிசை கட்டுப்படியாகாது. அரை மணி நேர வேலைக்குப் பிரிபுனலே சிக்கனம், நாள் முழுக்க ஓட்டினால்தான் இது பலன் தரும்.

எம்.ஐ.டி. குழு 2016-ல் டைஃபென்ஹைட்ரமின், லிடோகெய்ன், டயசபாம், ஃப்ளூவாக்செட்டின் ஆகிய நான்கு மருந்துகளையும் குளிர்பதனப் பெட்டி அளவிலான ஒரே கருவியில் தொகுத்துக் காட்டியபோது, பலரும் வியந்தது வினைகளைப் பார்த்து. கட்டிப் பார்த்த பிறகு எனக்கு மலைப்பாக இருப்பது அதற்குள் இருந்த பிரிப்பு, படிகமாக்கல், வடிகட்டல் பகுதிகள்தான்.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை சில. எத்தில் அசிட்டேட்டுக்குப் பதில் 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரானை ஓட்டிப் பார்க்க வேண்டும். கார்பனேட் அதைத் தொடாது. அதுவும் நீரில் கணிசமாகக் கரையும் என்பதால் இழுவிசைச் சிக்கல் தீராது, உப்பைக் கூட்ட வேண்டியிருக்கும். பிரிப்பான் தகட்டில் ஒன்றையாவது ஒளி ஊடுருவும் எஃப்.இ.பி. பிளாஸ்டிக்கில் செய்தால் சவ்வின் மேல் துண்டுகள் நடப்பதை நேரே பார்க்கலாம். அமில டீயின் கறுப்பு அட்டைக்கு எதிரே ஒரு வெப்கேம் வைத்து, குமிழி தெரிந்தால் சேகரிப்புக் குழாயை ஒதுக்கும் குடுவைக்குத் திருப்பும் வால்வு ஒன்றைச் சேர்க்கலாம். வால்வு கையில் இருக்கிறது, நிரல்தான் பாக்கி.